மந்த காலமும் தனி வியாபாரியும் – ஒரு பாடம்

 

அடியேன் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும்தான் என் கல்வி. மீதியைக் கல்லாப் பெட்டியும் கடன் ஏடும் கற்றுக் கொடுத்தன. பட்டர்வொர்த்தில் ஒரு சிறு மளிகைக் கடை நடத்தி வருகிறேன். நாட்டில் வியாபாரம் மந்தமாகும்போது நம்மைப் போன்ற தனி வியாபாரிகள் ஏன் முதலில் விழுகிறோம், விழாமலிருக்க என்ன செய்யலாம் என்பதை, நான் பட்டு அறிந்தபடி இங்கே பாடமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள்க.

1. மந்தம் நம்மை ஏன் முதலில் தாக்குகிறது?

சம்பளக்காரருக்கு மாத முடிவில் ஒரு தொகை வருகிறது. வேலை போனாலும், 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் தொழிற்காப்புத் திட்டத்தில் அவருக்குச் சில மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. சேமநிதியில் முதலாளி செலுத்திய பங்கும் இருக்கிறது. நமக்கோ முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. வேலையிழப்புக்கான அந்தத் திட்டத்தில் சுயதொழில் செய்பவருக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்து, பின்னர் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அது வேலையில் நேரும் விபத்துக்குக் காப்பு அளிப்பதேயன்றி, வியாபாரம் படுத்துப் போனதற்கு ஈடு தருவதன்று. ஆகவே மந்த காலத்தில் நமக்கும் பட்டினிக்கும் நடுவே நிற்பது நம் கைம்முதல் ஒன்றுதான்.

இரண்டு மந்தங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். 1997ஆம் ஆண்டு நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி என்றிருந்த மாற்று விலை, 1998 ஜனவரியில் நாலேமுக்கால் வெள்ளியையும் தாண்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று அதை நிலைநிறுத்தியது. அந்த 1998ல் நாட்டின் மொத்த உற்பத்தி 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அப்போது வாப்பாவுக்கு உதவியாக நான் கடையில் நின்றேன். இந்தியாவிலிருந்து வரும் வெங்காயமும் பருப்பும் விலையேறின. வாங்குவோர் கையிலோ காசில்லை. பழைய சரக்கை விற்ற பணத்தில் புதுச் சரக்கை அதே அளவு வாங்க முடியவில்லை. அந்த மந்தம் விலை வழியாக வந்தது.

இரண்டாவது 2020. அது கதவை அடைத்து வந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. எங்களைப் போன்ற மளிகைக் கடைகள் திறந்திருக்கலாம் என்றார்கள். துணிக்கடை, முடிதிருத்தும் கடை, தையற்கடை, இரவுச் சந்தை எல்லாம் மூடின. கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரம் ஏப்ரலில் முள்வேலிக்குள் அடைபட்டது. நோன்புப் பெருநாளை நம்பிச் சரக்கெடுத்த துணி வியாபாரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அவ்வாண்டு நாட்டின் உற்பத்தி ஐந்தரை விழுக்காட்டளவில் குறைந்தது.

2. கால் பங்கு குறைந்தால் எவ்வளவு குறையும்?

இங்கே நாம் எல்லோரும் செய்யும் ஒரு தப்புக் கணக்கைப் பார்ப்போம். வியாபாரம் கால் பங்கு குறைந்தால் நம் வருமானமும் கால் பங்குதானே குறையும் என்று நினைக்கிறோம். அது சரியன்று.

ஒரு கடையில் மாதம் 30,000 வெள்ளிக்கு விற்பனை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 80 வெள்ளி சரக்கு விலை. ஆகவே சரக்குக்கு 24,000 போக 6,000 மிஞ்சும். கடை வாடகை 1,200. ஆள் சம்பளம் 1,700. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 400. வண்டிக் கூலி, பை, சில்லறைச் செலவு 200. ஆக 3,500. வீட்டுக்கு மிஞ்சுவது 2,500 வெள்ளி.

இப்போது விற்பனை கால் பங்கு குறைந்து 22,500 ஆயிற்று. மிஞ்சும் லாபம் 4,500. ஆனால் வாடகைக்காரர் கால் பங்கு குறைப்பாரா? ஆள் சம்பளம் குறையுமா? அந்த 3,500 அப்படியே நிற்கும். வீட்டுக்கு மிஞ்சுவது 1,000 வெள்ளிதான். விற்பனை குறைந்தது நூற்றுக்கு 25. வீட்டு வருமானம் குறைந்ததோ நூற்றுக்கு 60! விற்பனை 17,500க்கு இறங்கினால் வீட்டுக்கு ஒரு காசும் இல்லை. அதற்கும் கீழே போனால் முதலைத் தின்கிறோம் என்று பொருள்.

இத்துடன் முடியவில்லை. அந்த 22,500ல் 3,000 வெள்ளிக்குக் கடன் கொடுத்தோம், அது அந்த மாதம் வரவில்லை என்று வையுங்கள். கைக்கு வந்தது 19,500. சரக்குக்கு 18,000, நிலைச் செலவுக்கு 3,500. ஏட்டில் 1,000 வெள்ளி லாபம்; கல்லாவில் 2,000 வெள்ளி பற்றாக்குறை. லாபம் காட்டும் கடை எப்படி மூடுகிறது என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். இப்படித்தான் மூடுகிறது.

ஒவ்வொரு வியாபாரியும் இன்றிரவே இந்தக் கணக்கைத் தம் கடைக்குப் போட்டுப் பார்க்கட்டும். "என் விற்பனை எந்த அளவுக்கு இறங்கினால் என் வீட்டில் அடுப்பு அணையும்?" என்ற கேள்விக்கு ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். அது தெரியாமல் வியாபாரம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு படகு விடுவதற்கு ஒப்பாகும்.

3. நான் பட்ட பாடு

2020ல் என் கடை திறந்திருந்தது. ஆனால் என்னிடம் சாமான் வாங்குகிறவர்கள் யார்? இரவுச் சந்தைக்காரர், டாக்சி ஓட்டுநர், தையற்காரர், பள்ளிச் சிற்றுண்டிக்காரர். அவர்கள் தொழில் நின்றபின், அரிசியும் எண்ணெயும் கடனாகவே போயிற்று. பிப்ரவரியில் 3,800 வெள்ளியாக இருந்த கடன் ஏடு, ஏப்ரல் கடைசியில் 6,400 ஆயிற்று. பினாங்குத் தீவிலுள்ள மொத்த வியாபாரிக்கு நான் 14,000 வெள்ளி தரவேண்டியிருந்தது. இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. ஆண்மகன் வீட்டில் சொல்லலாமா என்ற வீண் மானம்.

அது ரமலான் மாதம். எங்கள் வீதிக் கோடியில் இருக்கும் தையற்காரர் எனக்கு 860 வெள்ளி பாக்கி. ஒரு நாள் காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், நான் வாசலில் நிற்பதைக் கண்டு சட்டெனச் சந்துக்குள் திரும்பிவிட்டார். எனக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தை இப்படியா காட்டுவது என்று வைதேன்.

அன்று பிற்பகல் மொத்த வியாபாரியின் தொலைபேசி வந்தது. நான் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த என் மகனிடம், "வாப்பா தொழப் போயிருக்கிறார் என்று சொல்" என்றேன். அவனுக்கு அப்போது பத்து வயது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளிவாசல் பூட்டியிருக்கிறதே, வாப்பா" என்றான்.

சகோதரர்களே! அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு, பிள்ளையின் வாயில் பொய்யை வைத்து, அதற்குத் தொழுகையையும் சாட்சிக்கு இழுத்தேன். காலையில் சந்துக்குள் திரும்பிய தையற்காரருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் சந்தில் ஒளிந்தார். நான் தொழுகையின் பின்னே ஒளிந்தேன்.

என் சட்டைப் பையில் அப்போது ஒரு சீட்டு இருந்தது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த, உரிமம் இல்லாத வட்டிக்காரனுடைய தொலைபேசி எண். மூன்று நாளாக அதைச் சுமந்து திரிந்தேன். அன்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மொத்த வியாபாரிக்கு நானே பேசினேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சீனர், மலாய் மொழியில் பதில் சொன்னார். "உன்னைப் போல் நாற்பது கடைக்காரர்கள் எனக்குத் தரவேண்டும். யார் எப்போது தருவார்கள் என்று தெரிந்தால்தான் நான் என் கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியும். நீ ஏன் இரண்டு மாதமாய் வாய் திறக்கவில்லை?" என்று கேட்டார்.

ஜூன் மாதம் கட்டுப்பாடு தளர்ந்தபின் படகேறிச் சென்று, ஏட்டை அவர் மேசைமேல் விரித்து வைத்தேன். பழைய பாக்கி 14,000 அப்படியே நிற்கும். ஜூலை முதல் மாதம் 500 வெள்ளி கட்டவேண்டும். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். 28 மாதம் கட்டினேன். 2022 அக்டோபரில் கணக்குத் தீர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டிலும் அன்றிரவே சொன்னேன். மனைவி அழவில்லை, ஏசவுமில்லை. ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வீட்டுக்கு எடுத்துவரும் சாமானை ஏன் இதில் எழுதவில்லை?" என்று கேட்டாள். கூட்டிப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 600 வெள்ளிச் சாமான் கணக்கில்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறது. இருபது வருஷமாகக் கடை நடத்திய என் கண்ணுக்குப் படாதது அவள் கண்ணுக்குப் பட்டது.

4. நெருக்கடி வந்தபின் செய்ய வேண்டியவை

முதலாவது, கடன் கொடுத்தவரிடம் தவணை நாளுக்கு முன்னரே போய்ச் சொல்லுங்கள். தவணை தவறியபின் சொல்வது சாக்குப் போக்கு. முன்னரே சொல்வது யோசனை கேட்பது. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வங்கிக் கடன்களுக்கு ஆறு மாதத் தவணை ஒத்திவைப்புக் கிடைத்தது. ஆனால் நம் கடன் பெரும்பாலும் மொத்தக் கடையிலும் வாடகைக்காரரிடமும் இருந்தது. அங்கே நாமே வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

இரண்டாவது, வீட்டுப் பணம் வேறு, கடைப் பணம் வேறு என்று பிரியுங்கள். வீட்டுக்கென்று ஒரு தொகை எழுதி எடுங்கள். ஒரு தீப்பெட்டி எடுத்தாலும் ஏட்டில் ஏறட்டும்.

மூன்றாவது, சரக்கைப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது கைமாறாத சரக்கு, தட்டில் உறங்கும் பணம். லாபம் குறைந்தாலும் அதை விற்று, அரிசி, எண்ணெய், சர்க்கரை போன்று விரைவில் ஓடும் சரக்கில் முதலைப் போடுங்கள்.

நான்காவது, உரிமமில்லாத வட்டிக்காரன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டமும் அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கூட ஈட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12க்கு மேலும், ஈடில்லாக் கடனுக்கு 18க்கு மேலும் வாங்கக் கூடாது. கம்பத்தில் சீட்டு ஒட்டுகிறவன் மாதத்திலேயே அதைத் தாண்டிவிடுவான். கூட்டுச் சீட்டையும் நம்பி இறங்காதீர்கள். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணம் போனால் கேட்க வழியிராது.

ஐந்தாவது, கடன் கழுத்துவரை வந்துவிட்டால், பேங்க் நெகாரா 2006ல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.க்குப் போங்கள். வங்கிக் கடனைத் தவணையாக மாற்றியமைக்க அவர்கள் உதவுவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆறாவது, உங்கள் தொழிலைப் பதிவு செய்து, கணக்கை ஒழுங்காக வையுங்கள். 2020ல் சிறு தொழில்களுக்கு அரசாங்கம் 3,000 வெள்ளி மானியம் அறிவித்தபோது பதிவுச் சான்று கேட்கப்பட்டது. பதிவே இல்லாமல் தொழில் செய்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

5. நமக்குத் தரவேண்டியவர்களிடம் நாம்

கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும் என்பதும், விட்டுக்கொடுப்பது அதனினும் நன்று என்பதும் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 280ஆம் வசனத்தின் கருத்தாகும். அதற்கு இரண்டு வசனம் தள்ளி வருவதுதான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். கடனை எழுதி வைக்கவேண்டும், சாட்சி வைக்கவேண்டும் என்று அது கற்பிக்கிறது. இரக்கமும் எழுத்தும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எழுதாத இரக்கம் பின்னர் சண்டையில் முடியும். இரக்கமில்லாத எழுத்து மனிதரை ஊரைவிட்டு ஓட்டும்.

அந்தத் தையற்காரரை நானே தேடிப் போனேன். "நானா, உங்களைப் பார்க்க முகமில்லை" என்றார். நானும் இன்னொருவருக்கு அப்படித்தான் ஒளிந்தேன் என்று சொன்னேன். மாதம் 40 வெள்ளி என்று எழுதிக்கொண்டோம். 2022 ரமலானில் கடைசி 20 வெள்ளியைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். இன்றும் என் வாடிக்கைக்காரர். எல்லோரும் அப்படியென்று சொல்லமாட்டேன். மூவர் வரவேயில்லை. அவர்கள் பெயரிலிருந்த 1,700 வெள்ளியை ஏட்டில் தள்ளிவிட்டேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. வராத கடனைத் தள்ளிவிட்டு, அதையே ஜகாத்தாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது ஜகாத்தாக நிறைவேறாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. இவ்விஷயத்தில் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜகாத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவரும் ஒருவர். மாநில சமய மன்றங்களில் அப்பிரிவுக்கு விண்ணப்பம் உண்டு. ஆனால் பல ஆண்டு ஜகாத் கொடுத்துப் பழகிய வியாபாரி, வாங்கும் வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, மனைவியின் நகையையும் பிள்ளையின் படிப்பையும் முதலில் விற்றுவிடுகிறார். கொடுத்த நாளில் அது அல்லாஹ் விதித்த கடமையாக இருந்தது. தேவைப்படும் நாளில் அது அவன் வகுத்த பங்காக இருக்கிறது. இதில் வெட்கம் எங்கிருந்து வந்தது? ஜமாஅத் பெரியவர்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். திடீரென்று கடையைத் தாமதமாகத் திறப்பவர், தட்டுகள் காலியாகக் கிடப்பவர், ஜும்ஆவில் கடைசியாக வந்து முதலில் எழுந்து போகிறவர்—இவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். சபையில் விசாரிக்கவேண்டாம்.

6. நல்ல காலத்தில் செய்ய வேண்டியது

நபி யூசுப் (அலை) அவர்களின் சரித்திரம் நாம் சிறுவயதில் ஓதியதே. செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, உண்ணும் அளவை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்தபின் சேமிக்கச் சொல்லவில்லை.

மேலே சொன்ன கடைக்கு நிலைச் செலவு மாதம் 3,500. மூன்று மாதத்துக்கு 10,500. இத்தொகை தனியே இருந்தால், விற்பனை படுத்தாலும் மூன்று மாதம் கடைக்கு உயிர் இருக்கும். எப்படிச் சேர்ப்பது? கல்லா எண்ணும்போது தினம் 10 வெள்ளி தனியே எடுங்கள். மாதம் 300. முப்பத்தைந்து மாதத்தில் 10,500 சேர்ந்துவிடும். மூன்று ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. அதைச் சரக்கில் போடாதீர்கள், மைத்துனருக்குக் கைமாற்றும் கொடுக்காதீர்கள்.

முதுமைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். சேமநிதியில் சுயதொழில் செய்பவர் தாமே செலுத்த ஐ-சரான் திட்டம் இருக்கிறது. நாம் செலுத்துவதற்கு ஏற்ப அரசாங்கமும் ஒரு வரம்புவரை சேர்க்கிறது. வரம்பை அலுவலகத்தில் கேட்டறிந்து சேருங்கள். 2020ல் சம்பளக்காரர்கள் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளிவரை எடுத்துச் சமாளித்தபோது, அங்கே கணக்கே இல்லாத நம்மவர்கள் வெறுங்கையோடு பார்த்திருந்தோம்.

பாடத்தைத் திரும்பிப் பார்க்கச் சில கேள்விகள்

1. என் கடையின் மாத நிலைச் செலவு எவ்வளவு? எந்த விற்பனைக்குக் கீழே நான் முதலைத் தின்கிறேன்?
2. எனக்கு வரவேண்டியது எவ்வளவு? நான் தரவேண்டியது எவ்வளவு? இரண்டும் எழுத்தில் இருக்கின்றனவா?
3. என் கடனை என் மனைவி அறிவாளா?
4. நான் யாருடைய தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறேன்?
5. என்னைக் கண்டு சந்துக்குள் திரும்புகிறவர் யாராவது உண்டா?

கடைசி இரண்டு கேள்விக்கும் விடை இருந்தால், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் பேசுங்கள். மற்றக் கணக்கை இஷாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக! கடனின் பாரத்திலிருந்து நம்மையும் நம் சந்ததியையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.